ஹெலிகாப்டரில் எனக்குக் கிடைக்காத இடம்

என் நைனாவும் அண்ணனும் போன படகு இரண்டு நாளாகத் திரும்பவில்லை. அந்த நிலையிலும் என் மனசு ஹெலிகாப்டரில் ஓர் இடத்துக்காக எரிந்துகொண்டிருந்தது. ஆண்டவருடைய பிள்ளைகளான உங்களுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கூச்சமான பகுதியை விட்டுவிட்டு எழுதினால் அவர் செய்ததில் பாதியை நான் மறைத்ததாகிவிடும்.

என் பெயர் கிருபா. பழவேற்காட்டிலிருந்து ஏரியில் படகேறி வரவேண்டிய ஒரு தீவுக் குப்பம் எங்களுடையது. நைனாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் தாவீது மூன்றாவதோடு நின்றுவிட்டது. நான் மட்டும் பொன்னேரியில் விடுதியில் தங்கிப் படித்துப் பத்தாவது தேறினேன். எங்கள் குப்பத்திலேயே நான்தான் முதல். யாருக்குத் தந்தி வந்தாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். ஜெபவீட்டில் வேதபாடம் வாசிப்பதும் நான்தான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. கொஞ்சமல்ல, நிறையவே இருந்தது.

படித்து முடித்து வீட்டுக்கு வந்தபோது, என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் போல எனக்குத் தோன்றியது. அவள் என் அண்ணி ரோசம்மா. சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். ஆனால் நைனா கரையேறியதும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். "ரோசம்மா, தண்ணி கொண்டா." அவள் வைத்த குழம்பைத்தான் அண்ணன் புகழும். அம்மாவும் கிழிந்த வலையைப் பொத்தும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவாள். என்னிடம் பேசினால், "நீ படிச்ச பொண்ணு, உனக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு" என்பாள். அது பாராட்டா, விலக்கிவைப்பதா என்று எனக்குப் புரியாது. எனக்கு அண்ணி மேல் பொறாமை. ஐந்து வருஷம் விடுதிச் சோறு தின்று நான் சம்பாதித்த மரியாதையை இவள் ஒரே வருஷத்தில் சும்மா எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் படகின் பாய் கிழிந்தது. எங்கள் ஏரியில் எல்லாருடைய பாயும் மாவு மூட்டைத் துணியில் தைத்தது, ஒட்டுப் போட்டதுதான். அண்ணி தன் கல்யாணப் பாவாடையைக் கிழித்து ஒட்டுத் தைத்துவிட்டாள். பளீரென்ற வாடாமல்லி நிறம். குப்பமே சிரித்தது. "இன்னாடா தாவீது, பாய்க்குப் பாவாடை கட்டினு எங்க கூட்டினு போற?" என்று கரையில் நின்று கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

"நைனா, அந்த ஒட்டைப் பிரிச்சுப் போடு. அசிங்கமா கீது" என்றேன்.

"காத்துக்குத் தெரியுமா அது பாவாடைத் துணின்னு?" என்றார் நைனா. அதோடு முடிந்தது பேச்சு.

நான் தேறி வந்த இரண்டாவது வருஷம், எண்பதுகளின் தொடக்கம். கார்த்திகைக் கடைசி. எங்கள் பக்கத்து இறாலை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற மெட்ராஸ் முதலாளி ஒருவர், தன்னிடம் சரக்கு எடுக்கிற வெள்ளைக்காரரையும் அவர் மனைவியையும் ஹெலிகாப்டரில் கூட்டிவந்து ஏரியையும் தீவுகளையும் பூநாரைகளையும் சுற்றிக்காட்டப் போகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் தீவின் மைதானத்தில் இறங்கி, உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்றிக்கொள்வார்களாம். தீவுகளின் பேரைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். முதலாளியின் ஏஜெண்ட் எங்கள் ஜெபவீட்டுப் போதகரிடம் கேட்டார். போதகர் என் பெயரைச் சொன்னார். வேறு யார் பெயரைச் சொல்வார்?

ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பொன்னேரியில் எடுத்த ஆகாய நீலத் துணியில் பாவாடை தைத்துக்கொண்டேன். தீவுகளின் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். தினமும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, மழை வரக்கூடாது, திங்கட்கிழமை நான் மேலே போகவேண்டும்" என்று ஜெபித்தேன். அண்ணி ஒருநாள், "பாப்பா, மேலேருந்து பாத்தா எங்கம்மா வூடு தெரியுமா?" என்று கேட்டாள். "உங்க வூட்டைப் பாக்கவா அவுங்க மெட்ராஸ்லேருந்து வராங்க?" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடியலில் நைனாவும் அண்ணனும் படகெடுத்தார்கள். எங்கள் குப்பத்தில் வலை போட முறை வைத்திருக்கிறோம். அதைப் பாடு என்போம். பாடு வருகிற நாளில் யார் எந்த இடத்தில் இருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று எங்களுக்குப் பாடு இல்லை. பாடு இல்லாத நாளில் மீன் தேடி எங்கே வேண்டுமானாலும் போவார்கள். அதனால் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காலையில் வடக்கிலிருந்து வந்த காற்று மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து சுழன்றடித்தது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. எங்கள் படகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கவில்லை. இருந்தும் நான்கு படகுகள் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் பக்கம் தேடிப்போய் வெறும் கையோடு வந்தன. ஆராதனையில் எல்லாரும் அழுது ஜெபித்தார்கள். நானும் அழுதேன். உண்மையான அழுகைதான். ஆனால் என் அழுகைக்கு அடியில் இன்னொரு எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. நாளைக்கு ஹெலிகாப்டர் வருமா? இந்த நிலையில் என்னை ஏற்றுவார்களா? இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காற்று விழுந்து வானம் வெளுத்தது. நான் ஆகாய நீலப் பாவாடையை உடுத்திக்கொண்டேன். மேலிருந்து நைனாவைத் தேடப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஹெலிகாப்டர் இறங்கியபோது மைதானத்து மணலெல்லாம் எழும்பி எங்கள் கண்ணில் விழுந்தது. விசிறி நின்றதும் போதகர் ஓடிப்போய் முதலாளியிடம் காணாமற்போன படகைப் பற்றிச் சொன்னார். முதலாளி விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். அந்த வெள்ளைக்கார அம்மா கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டினாள். தேடிக்கொண்டே சுற்றலாம், ஆனால் ஒரே இடம்தான் இருக்கிறது என்றார் முதலாளி. நான் முன்னால் போனேன். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

"கிருபா, நில்லு" என்றாள் அம்மா.

நின்றேன்.

"நம்ம பாயில எத்தினி ஒட்டு கீது?"

"அது இன்னாத்துக்கும்மா இப்போ? நேரமாவுது."

"எத்தினி ஒட்டுன்னு கேக்கறேன். மேலேருந்து பாத்தா அம்பது பாய் தெரியும். எது உங்க நைனா பாயின்னு எப்படிச் சொல்லுவ?"

நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பின்னால் நின்ற அண்ணி அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஏழு, அத்தை. மேல ரெண்டு, நடுவுல நாலு, கீயக் கோடில என் பாவாடைத் துணி."

"அவ போவட்டும்" என்றாள் அம்மா.

"அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா" என்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நைனா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"பாயி இங்கிலீஷா பேசப் போவுது?" என்றாள் அம்மா. என் தோளைப் பிடித்துப் படியிலிருந்து இறக்கிவிட்டாள்.

அண்ணி வெறுங்காலோடு, மீன் கழுவிய சேலையோடு ஏறினாள். ஹெலிகாப்டர் எழும்பிற்று. குப்பத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டே கரைவரை ஓடினார்கள். நான் ஜெபவீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அங்கே நான் செய்த முதல் ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன். "ஆண்டவரே, நைனாவும் அண்ணனும் வரட்டும். ஆனால் அவள் கண்ணில் படவேண்டாம். அவள் இறங்குவதற்குள் அவர்களாகவே கரை வந்து சேரட்டும்." இதை இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்ல நாக்கு எழவில்லை. என் ஜெபத்தை என் காதே கேட்டுவிட்டது. நைனாவின் உயிருக்கு நான் நிபந்தனை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிழைக்க வேண்டும், ஆனால் ரோசம்மாவுக்குப் பேர் வரக்கூடாது. இதுதான் என் விசுவாசம், இதுதான் என் படிப்பு.

தரையில் விழுந்தேன். புதுப் பாவாடை மண்ணில் புரண்டது. "ஆண்டவரே, அவள் கண்ணுக்கே காட்டும். என் கண் வேண்டாம். அவள் கண்ணுக்கே காட்டும்" என்று அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பொறாமை அப்போதும் போகவில்லை. அது நெஞ்சில் முள்ளாக நின்றுகொண்டேதான் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டேதான் ஜெபித்தேன்.

ஹெலிகாப்டர் சத்தம் திரும்பக் கேட்டதும் வெளியே ஓடினேன். அண்ணி இறங்கி, மணலில் மண்டியிட்டு வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு பேரும் கீறாங்க அத்தை. மாமா படுத்துனு கீறாரு. உங்க புள்ள கையை ஆட்டுச்சு."

பிறகு தெரிந்ததைச் சொல்கிறேன். ஏரியின் வட கோடியில், அண்ணியின் அம்மா ஊருக்குக் கிழக்கே, தண்ணீருக்கு நடுவில் சேற்று மேடுகள் இருக்கின்றன. அங்கேதான் பூநாரைகள் மேயும். விருந்தாளிகள் அவற்றைப் படம் எடுக்க ஆசைப்பட்டதால் அங்கே போனார்கள். ஒரு மேட்டைச் சுற்றிலும் வெள்ளையும் ரோஸுமாகப் பறவைகள். சத்தத்துக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. எல்லாரும் பறவையோடு தலையை உயர்த்தினார்கள். அண்ணி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பறவைகள் போன பிறகும் மேட்டில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. அதன் ஓரத்தில் வாடாமல்லி நிறம். அவள் பைலட்டின் தோளை உலுக்கிக் கத்தினாளாம். அவளுக்குத் தெரியாத அந்த இங்கிலீஷ் அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

சேற்றில் இறங்க முடியாது. தாழப் பறந்து தண்ணீர் பாட்டில்களையும் பிஸ்கட்டையும் போட்டார்கள். அண்ணி சொன்ன அடையாளத்தை வைத்து எங்கள் ஆட்கள் படகில் போய் அன்று பொழுது சாய்வதற்குள் இருவரையும் கொண்டுவந்தார்கள். காற்றில் பாய்மரம் முறிந்து நைனாவின் தொடையில் விழுந்திருந்தது. படகு ஓட்டையாகிச் சேற்றில் அமுங்கிவிட்டது. அண்ணன் அவரை விட்டு வர முடியாமல், பாயை அவிழ்த்து அவர்மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை. இன்னொரு நாள் தாங்கியிருக்க மாட்டார் என்று பொன்னேரியில் டாக்டர் சொன்னார்.

நான் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பறவைகள் எழும்பியபோது நானும் வாயைப் பிளந்து மேலே பார்த்திருப்பேன். கீழே பார்த்திருந்தாலும், யாரோ துணி உலர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். ஒரு வாரம் நான் கேட்ட இடத்தை ஆண்டவர் எனக்குக் கொடுக்காததுதான், குப்பமே கேட்ட உயிரைக் கொடுத்த வழி.

அதற்காக நான் ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று எழுதினால் பொய். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அண்ணி எழுந்து நின்று நான்கே வார்த்தையில் சாட்சி சொல்லி உட்கார்ந்தாள். எல்லாரும் அழுதார்கள். நானாக இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேனே என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணி, மேலேருந்து நம்ம தீவு எப்படி இருந்துச்சு?"

"எனக்கு ஒண்ணியும் தெரியாது பாப்பா. போம்போதும் வரும்போதும் பாயைத் தவிர எதையும் பாக்கல."

"உங்கம்மா வூடு?"

"அதைக்கூடப் பாக்கல."

கிடைக்காத எனக்கு அப்படி ஓர் ஆசை. கிடைத்தவள் பார்க்கவே இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு அடங்க வெகு நாளாயிற்று. அடங்கிய பிறகுதான் அவள் மேல் மரியாதை வந்தது.

தை பிறந்ததும் பாயைப் பழுது பார்த்தார்கள். சேற்றில் இழுபட்டு நடுவில் பெரிதாகக் கிழிந்திருந்தது. நான் என் ஆகாய நீலப் பாவாடையைப் பிரித்து எடுத்துவந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய்க்குத் தையல் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லிக்கொடுத்தாள். நான் போட்ட முதல் தையலைப் பார்த்துவிட்டு, "இது கொசுவலைக்குத்தான் ஆவும்" என்று பிரித்துப் போட்டாள். மறுபடியும் தைத்தேன். கரையில் இருந்தவர்கள், "ஒரு பாவாடை பத்தலன்னு இன்னொண்ணா தாவீது?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் இப்போது காட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். இப்போதும் எனக்கென்று ஆண்டவரிடம் கேட்கிறேன், ஆசையோடுதான் கேட்கிறேன். ஆனால் முடிக்கும்போது, "யார் கையால் வந்தாலும் சரி" என்று சேர்த்துக்கொள்கிறேன். அது சொல்லச் சுலபமான வார்த்தை அல்ல.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, நான் கேட்டது பக்கத்து வீட்டுக்காரிக்குப் போய்விட்டதே என்று வெந்துகொண்டிருந்தால், அந்த வேக்காட்டோடேயே முழங்காலில் நில்லுங்கள். மனசு சுத்தமாகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். நான் காத்திருக்கவில்லை. நைனா கொஞ்சம் நொண்டுகிறார், ஆனால் பாடு வருகிற நாளில் அண்ணனோடு படகில் போகிறார். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கரையில் நின்று பார்க்கிறேன். எவ்வளவு தூரத்தில் வந்தாலும் எங்கள் பாய் எனக்குத் தெரிகிறது. எட்டு ஒட்டு.