எத்தனை சுழி?

போனில் மணி போய்க்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கிற பாடில்லை. இது பன்னிரண்டாவது முறை. சுழி அண்ணன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, காதில் செருகியிருக்கும் பென்சிலை வழக்கம்போல் தரையில் தேடுகிறார். “இங்கதான வச்சேன்?” காதைக் காட்டினால் கோபம் வரும். அவருக்குக் கையாளாக இருக்கும் நான் காட்டவில்லை.

கல்லில் பெயர் வெட்டுகிற அவருக்குக் கடற்படைத் தளம் முழுக்க ‘சுழி அண்ணன்’ என்றே பெயர். கொடுத்த பட்டியலை அப்படியே வெட்டிவிட்டுப் போகிற ஆளில்லை அவர். ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் போட்டு, “பையன் பேருல சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா? எத்தனை சுழி?” என்று கேட்ட பிறகுதான் உளியைத் தொடுவார். துக்க வீட்டில் எழுத்துப்பிழை பார்க்கிறாரே, ஈவிரக்கமில்லாத மனிதர் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஓர் அப்பா ஒரே ஓர் எழுத்தைச் சொல்வதற்கு அரைமணி நேரம் மகனைப் பற்றியே பேசினார். இவர் ‘ம்’ கொட்டிக்கொண்டு கடைசிவரை நின்றபடியே கேட்டார். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

சுவரில் பதித்த இந்தக் கறுப்புக் கல்லில் ஆறு பெயர்கள். கடத்தப்பட்ட சரக்குக் கப்பலை மீட்க, எங்கோ தூரத்துக் கடலில் இறங்கிய கமாண்டோக்கள். சிக்கிக்கொண்ட பதினேழு மாலுமிகளும் வீடு வந்து சேர்ந்தார்கள். மீட்கப் போனவர்களில் ஆறு பேர் சண்டையில் போய்விட்டார்கள். ஐந்து பெயர்களை வெட்டியாயிற்று. ஆறாவது பெயரின் நடுவில் மட்டும் ஓர் எழுத்துக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. பத்து மணிக்குத் திறப்பு விழா, திரை விலக வேண்டும். இப்போது எட்டே முக்கால்.

“லிஸ்ட்ல ரெண்டு சுழி ‘ன’ன்னு தெளிவா இருக்கே அண்ணே!” விழாவுக்குப் பொறுப்பான இளம் அதிகாரி நாலாவது தடவையாக வந்து நிற்கிறார்.

“வீட்டுல கேக்காம எப்படி சார்? கல்லுக்கு ரப்பர் கிடையாது.”

“பெரிய அதிகாரி வந்து ஓட்டைப் பேரைப் பார்த்தா என் தலைதான் உருளும்.”

“எங்கப்பா கல்லறைக்கு நான்தான் சார் வெட்டினேன். சான்றிதழ்ல ‘ள’ன்னு இருந்துச்சு, அப்படியே வெட்டிட்டேன். அவர் ‘ழ’ போடுறவரு. எங்கம்மா வந்து பார்த்துட்டு, ‘இது யாருடா?’ன்னாங்க.” சிரிப்பு வரும்படிதான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது மணிக்குக் குடும்பத்தாரின் வண்டி வந்தது. இறங்கியவர்களில் ஓர் அம்மா யாரையும் பார்க்காமல் நேரே கல்லுக்கு வந்தார். ஆறாவது வரியில் விரல் வைத்துத் தடவினார். விரல் நடுவில் நின்றது.

“ஐயோ, என் புள்ள பேருல எழுத்து விழுந்துபோச்சே!”

“விழலம்மா. உங்களைக் கேட்டுட்டு வெட்டலாம்னு விட்டு வச்சிருக்கேன். நேத்துலேருந்து போன் அடிக்கிறேன்.”

“தெரியாத நம்பர்னா எடுக்கிறதில்லப்பா. அவன் சேதி அப்படித்தான் வந்துச்சு.”

சுழி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். “எத்தனை சுழிம்மா?”

“மூணு. தலையில ரெண்டு சுழி, பேருல மூணு சுழி. அஞ்சு சுழிக்காரன் எப்படிடா அடங்குவேன்னு நான்தான் திட்டிக்கிட்டே இருப்பேன்.”

அதிகாரி தயங்கினார். “அம்மா, பள்ளிக்கூடச் சான்றிதழ்லேருந்து எல்லாத்துலயும் ரெண்டு சுழிதான் இருக்கு. ரெக்கார்டுபடிதான்...”

“அது வாத்தியார் போட்ட தப்பு. அவன் கையெழுத்துப் போட்டா மூணுதான் போடுவான்.” அந்த அம்மாவின் குரல் உயரவில்லை. “அவன் உடம்பக் கடல் குடுக்கல தம்பி. பேராவது முழுசா வரட்டும்.”

சுழி அண்ணன் வாதாடவில்லை. உளியையும் சுத்தியலையும் அதிகாரியிடம் நீட்டினார். “ரெண்டு சுழின்னா நீங்களே வெட்டுங்க சார். அம்மா பார்க்கட்டும்.”

அதிகாரி உளியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எவ்வளவு நேரம் ஆகும்?”

“நாப்பது நிமிஷம். விரட்டினா கல் தெறிக்கும்.”

“வெட்டுங்க. ரெக்கார்டை நான் பார்த்துக்கிறேன்.”

அவர் வேலை செய்வதே ஒரு தினுசு. நாலு தட்டு, ஓர் ஊதல். குழந்தையின் சிராய்ப்பில் ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்துத் தூசியை ஊதுவார். இத்தனை வருஷத்தில் அந்தக் கல்தூசியை வேறு யாரையும் தொட விட்டதில்லை. துணியால் துடைக்க வந்தவர்களை விரட்டியிருக்கிறார். முதல் சுழி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்குப் பக்கத்து எழுத்தோடு நூலிழை இடைவெளிதான். அங்கே ஒரு சில்லு பெயர்ந்தால் ஆறாவது பெயரே பாழ். விழாவுக்கு வந்திருந்த வாத்தியக்காரர்கள் மேளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். உளி ஒரு கணம் நின்றது. அதிகாரி ஓடிப்போய் மேளத்தின் மேல் கையை வைத்து அமுக்கினார்.

ஒன்பது நாற்பத்தைந்து. கடைசித் தட்டும் விழுந்தது. கல் தெறிக்கவில்லை. மூன்றாவது சுழி நிறைய வெள்ளைத் தூசி. சுழி அண்ணன் குனிந்து உதட்டைக் குவித்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஊதாமல் நிமிர்ந்து, ஓரடி பின்னால் நகர்ந்து, கல்லுக்கு முன்னால் அந்த அம்மாவுக்கு இடம் விட்டார்.