பத்துக்கு ஒரு கரண்டி

“பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லி முடிய ஒரு கரண்டி. அவசரப்பட்டுக் குடுத்தால் பிள்ளை சத்தியெடுக்கும், கண்டியளோ?” என்று கத்தோலிக்கத் தாய் ஒருத்திக்கு மாதா செபத்தால் நேரக் கணக்குச் சொல்லிக்கொண்டே சிஸ்டர் செலீன் உப்புக் கஞ்சித்தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றுகிறார். எதிரே நிற்பவள் சைவப் பெண் என்றால், “உங்கட முருகன்ர பேரை நூற்றெட்டுத்தரம் சொல்லுங்கோ.” முஸ்லிம் பெண் என்றால் தஸ்பீஹ் மணி ஒரு சுற்று. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை வீடுகள் பலவற்றில் மணிக்கூடு இல்லை. சாமி இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை என்பது அவருடைய நம்பிக்கை.

ஐம்பது வயது, குள்ள உருவம். வெள்ளை உடுப்பின் வலது கைப்பக்கம் எப்போதும் ஊதா மருந்துக் கறை. டாக்குத்தர்மாரோடு ஆங்கிலம், எலுமிச்சம்பழக்காரனோடு சிங்களம், அழுகிற பிள்ளையோடும் தாயோடும் தான் பிறந்த பாசையூர்த் தமிழ். துணையில்லாமல் வெளியே போகக்கூடாதென்பது மடத்து விதி. எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது என் பக்கத்து வீட்டு நளீபா உம்மாதான் துணை. “சிஸ்டர்ட குடை பிடிக்கிற வேலை எனக்குத்தான், வேற ஆளுக்குக் குடுக்க ஏலா” என்று அவர் பெருமையடித்துக்கொள்வார்.

செபத்துக்கு அழைக்கும் மடத்து மணி அடித்தால் சிஸ்டரின் வாயிலுள்ள பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒஸ்வால்டிடம் ஒருநாள், “இந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு…” என்றவர், மணி கேட்டதும் எழுந்து போய்விட்டார். முன்னா, பின்னா என்று தெரியாமல் மனிதர் மறுநாள் காலைவரை பட்டினி கிடந்தார்.

இப்படிச் சிரித்து எழுதுகிற நானும் பெரிய யோக்கியனல்லன். “உந்த அம்மாவை உள்ளுக்கு விட்டால் பிள்ளைக்கு மரியாள் எண்டு பேர் வைச்சிட்டுத்தான் போவா” என்று என் மனைவி அருள்நாயகியைப் பயமுறுத்தியவன் நான்தான்.

சென்ற வருஷம், ஜோர்ஜ் ராசாவின் முடிசூட்டு விழாவுக்குக் கட்டிய கொடிகள் தெருவில் இன்னும் தொங்கிய நாட்களில், எட்டு மாதமான என் மகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. இரண்டு நாளில் கண் குழிந்து, அழுகைக்குச் சத்தமே வரவில்லை. டாக்குத்தர் பார்த்துவிட்டு, “தண்ணீர் உடம்பில் தங்கினால் பிழைக்கும்” என்று மட்டும் சொன்னார். நளீபா உம்மா என்னைக் கேட்கவே இல்லை. நேரே போய்ச் சிஸ்டரை அழைத்து வந்துவிட்டார். சிஸ்டர் வழக்கம்போல முருகன் கணக்கைச் சொல்லிப் போத்தலைத் தந்துவிட்டுப் போனார்.

பின்னேரம் நாலு மணிக்கு நளீபா உம்மாவோடு திரும்பி வந்தவர் வாசலில் நின்று காது கொடுத்தார். உள்ளே அருள்நாயகி பயத்தில் “முருகா முருகா முருகா” என்று மூச்சு விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷத்துக்குள் நூற்றெட்டு முடிந்துவிடும், உடனே அடுத்த கரண்டி. குடித்ததெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“தங்கச்சி, மெல்லச் சொல்லுங்கோ. முருகன் எங்கயும் ஓடிப்போகேல்லை” என்று சொல்லி, பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். இடது கையில் செபமாலை, வலது கையில் கரண்டி. பத்து முடிய ஒன்று. மறுபடியும் பத்து.

ஆறு மணிக்கு மடத்து மணி அடித்தது. கரண்டி பாதி வழியில் நின்றது. நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்தோம். மணி அடித்து ஓய்ந்தது. கரண்டி பிள்ளையின் வாய்க்குப் போயிற்று. சிஸ்டர் அடுத்த பத்தைத் தொடங்கினார்.

ஏழரை மணிபோல என் மகள் அவர் மடியை நனைத்தாள். “ஓம், ஓம், மூத்திரம் போயிட்டுது, பிள்ளை பிழைச்சிட்டா!” என்று ஈரத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். நானோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். நன்றி என்று ஒரு சொல் சொல்லாமலே விட்டுவிட்டேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

செபமாலையைத் தொட்டிலிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் மத்தியானம் அதைக் கொடுக்க மடத்துக்குப் போனேன். வாசல் காக்கும் கிழட்டுச் சிஸ்டர், “பொறுங்கோ தம்பி. நேற்று மணிக்கு வரேல்லை. அதுக்குத் தண்டனையா இண்டைக்குச் சாப்பாட்டு நேரம் முழங்காலிலை” என்றார்.

மடத்துக் கோயில் யன்னலூடாகத் தெரிந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருக்க, சிஸ்டர் செலீன் மட்டும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வெறுந்தரையில் முழங்காலில் நின்றார். செபமாலை என் சட்டைப்பைக்குள் இருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பத்து முடியும்போதெல்லாம் விரித்த வலது கை மெல்லச் சரிந்து, ஒரு கரண்டியைப் பிள்ளையின் வாயில் ஊற்றுவதுபோல ஊற்றிவிட்டு, மறுபடி நிமிர்ந்தது.