இரண்டாவது அடி

எங்கள் குழுவில் இரண்டே பேர். நானும் ஒரு கோவில்பட்டிக்காரனும். அவன் கீபோர்டு, நான் கம்ப்யூட்டர். மண்ணூரில் ஒரே ரூமில் தங்கியிருந்தோம். கார்களுக்குத் தகட்டுப் பாகம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் இருவரும் டிரெய்னி. ஞாயிற்றுக்கிழமையானால் டான்ஸ் மியூசிக். பாடகன் கிடையாது, வார்த்தை கிடையாது, வெறும் தாளமும் கீபோர்டும். வெளிநாட்டில் இதற்குத்தான் ஜனங்கள் விடிய விடிய ஆடுகிறார்கள் என்று ரிச்சி தெருவில் சிடி விற்றவர் சொன்னார். நம்பிவிட்டோம்.

முதல் கச்சேரி பக்கத்து ஊர் அம்மன் திருவிழாவில். மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் போனோம். பத்து நிமிஷம் கூட்டம் பொறுத்துப் பார்த்தது. பிறகு முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஏம்ப்பா, மீசிக்கே வந்துகினு கீது, பாட்டு எப்போ வரும்?" என்றார். விழாக் கமிட்டி எங்களை மரியாதையாகவே மேடையிலிருந்து இறக்கிவிட்டது. உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பியதுதான் அதைவிட அவமானம்.

"யாருக்கும் தெரியாத சத்தத்த அடிச்சா எவம்லே ஆடுவான்? தெரிஞ்ச சத்தமா அடிக்கணும்," என்றான் கோவில்பட்டிக்காரன். அடுத்து வந்தது கம்பெனி ஆயுத பூஜை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த சத்தம் ஒன்றுதான். பிரஸ்.

பிரஸ் ஓட்டியவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். தகட்டை வைப்பார், காலால் பெடலை அமுக்குவார். மேலிருந்து டை என்கிற வெட்டு அச்சு இறங்கி ஒரே ஒரு அடி அடித்துவிட்டு ஏறும். வெட்டுப்பட்ட கழிவு கீழே பெட்டியில் விழும். கையை உள்ளே விட்டுப் பாகத்தை எடுப்பார். நாளெல்லாம் இதுதான். அந்தக் கழிவுப் பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, பதிவு செய்கிற வாக்மேன் ஒன்றை அண்ணன் காலடியில் வைத்தோம். "என் மிசினு பாடப் போவுதா? இன்னா ராகம்பா?" என்று சிரித்தார்.

பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் ஒவ்வொரு அடியும் ஒரு முள்ளாக நின்றது. மூன்று இடங்களில் மட்டும் முள்ளை ஒட்டி இன்னொரு முள். கேட்டுப் பார்த்தால், ஒரு அடி விழுந்த உடனே, பெடல் சத்தமே இல்லாமல் இரண்டாவதாக ஒரு அடி.

"சனியன், தாளம் இடறுதுலே. வெட்டித் தள்ளு," என்றான் அவன்.

வெட்டினேன். நான்கு நிமிஷப் பதிவில் அந்த மூன்று அடிகளை மட்டும் எடுத்துவிட்டு, வெட்டின இடம் தெரியாமல் இழுத்து ஒட்டினேன். அந்த நறுவிசில் எனக்குப் பெருமை வேறு. ஹார்டு டிஸ்கில் இடமில்லை என்று மூலப் பதிவை அழித்தேன். வாக்மேன் கேசட்டின் மேலேயே ஃபோர்க்லிஃப்ட் ஹாரனைப் பதிவு செய்தோம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை எங்கள் காதில்தான் முதலில் விழுந்தது. எங்களுக்கு அது தாளப் பிசகு, அவ்வளவுதான். அந்த மிஷினுக்குள் தினமும் கையை விடுகிறவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

ஆயுத பூஜையன்று ஷெட்டுக்குள்ளேயே மேடை. ஸ்பீக்கரில் பிரஸ் சத்தம் கிளம்பியதும் அத்தனை பேரும் பிரஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அது சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சும்மா நின்றது. அப்புறம் ஷெட்டே ஆடியது. அண்ணன் நடுவில் வந்து, தகட்டை வைப்பதும் பெடலை மிதிப்பதும் எடுப்பதுமாக ஆடிக்காட்ட, மற்றவர்களும் அதையே ஆடினார்கள். மூன்று தடவை போடச் சொன்னார்கள். காரில் கேட்பதற்கென்று சூப்பர்வைசர் ஒரு கேசட் வாங்கிக்கொண்டார். அவ்வளவு கைதட்டலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம், காலை ஷிப்டில், பாகத்தை எடுக்க அண்ணன் கையை விட்டபோது டை தானாக இரண்டாவது முறை இறங்கியது. வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

ஒரு அடியோடு டையை நிறுத்த வேண்டிய கிளட்சை, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மாற்றிவிட்டார்கள்; இனி மிஷினைப் பார்த்து எதுவும் தெரியாது. விசாரணையில் மிஷின் மேல் குறை என்று முடிவானால் அவருக்கு உள்ளேயே வேறு வேலை கிடைக்கும். அவர் மேல் குறை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டபுள் அடிக்கிறது என்று அவர் சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னதோடு சரி, எழுதிக் கொடுக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு எங்கள் ரூமுக்கு வந்தார்.

"நீங்க ரெக்கார்டு பண்ணீங்களே, அன்னிக்கே டபுள் அட்ச்சுதுப்பா. அத்த மட்டும் போட்டுக் காட்டுங்க, போதும்."

கோவில்பட்டிக்காரன் என் முகத்தைப் பார்த்தான். "தேடிப் பாக்கறோம்ணே," என்றேன். தேட ஒன்றுமில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவாகிற மாதம் அது. பதிவு இருக்கிறது என்று அண்ணனே சொல்லியிருந்ததால், சூப்பர்வைசர் காரிலிருந்த கேசட்டை எடுத்துவந்து போட்டார். ஏசி அறையில் நான்கு நிமிஷம், ஒரு அடி பிசகாமல் ஓடியது.

"இது அந்த மிஷின் சத்தம்தானே?" என்று என்னைக் கேட்டார் அதிகாரி.

"ஆமா சார்."

"ஓடும்போது எடுத்ததுதானே?"

"ஆமா சார்."

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். "இது என் மிசினே இல்ல சார். என் மிசினு இவ்ளோ ஒயுங்கா ஓடாது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுத ஆரம்பித்தார். எதையாவது வெட்டினாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். இப்படியொரு கோழைத்தனத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மிஷினில் குறையில்லை என்று எழுதின காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

கேட்டுக்கு வெளியே அவர் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தார். அங்கே போய்த்தான் எனக்கு வாய் வந்தது. "அண்ணே, டபுள் அடி இருந்திச்சுண்ணே. தாளத்துக்கு இடிக்குதுன்னு நான்தான் வெட்டி எடுத்துட்டேன்."

திட்டுவார், இடது கையாலாவது ஒன்று விடுவார் என்று நின்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"வெட்ன பீஸு எங்க கீது? எட்துனு வா, இப்பவே உள்ள போய்க் காட்டிரலாம்."

"கம்ப்யூட்டர்ல வெட்டினா எதுவும் விழாதுண்ணே."

அவருக்குப் புரியவில்லை. அவர் வெட்டிய எதுவும் கீழே பெட்டியில் கழிவு விழாமல் போனதில்லை, அதை அள்ளிக் கொட்டியவனே நான்தான். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கீய நல்லா பாத்தியாப்பா?" என்றார்.