மூதூர், தோப்பூர், கிளிவெட்டி: அண்ணனை நடுவில் விட்டு நடந்த நடை

மூதூர்ப் பக்கம் நடந்து பார்க்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக நடக்கலாம். ஆனால் நான் அந்த வழியில் நடந்தது எழுபத்துமூன்றாம் ஆண்டு ஆனி மாதத்தில். அப்போது லாஞ்சுப் படகுக்கு என்ன கட்டணம் என்று கேட்டு என்னை வெட்கப்படுத்தாதீர்கள், மறந்துவிட்டது. மறக்காததை எழுதுகிறேன்.

அந்நாளில் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளார்க். எங்கள் கந்தோரில் எட்டுப் பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் உடம்பைவிட மனதுக்குத்தான் அது தேவைப்பட்டது. நடந்துவிட்டு வந்த திங்கட்கிழமைகளில் கந்தோர்ப் பெரியவரின் ஏச்சுக்கூடச் சுடுவதில்லை.

அந்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். அண்ணி காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் அழவில்லை, யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போனார். பேச்சுத்தான் நின்றுபோயிற்று. எதைக் கேட்டாலும் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’. அண்ணியின் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்படியே விட்டால் மனிதர் எங்கள் கையைவிட்டுப் போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்திருந்தது. “எங்களோட நடக்க வாறீங்களோ?” என்று கேட்டேன். “ஓம்” என்றார். கடலில் குதிக்க வாறீங்களோ என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

காலை ஏழு மணி லாஞ்ச். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் இறங்குதுறையில் கால் வைக்க ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தோப்பூருக்குத் தெருவழியே ஐந்தரை மைல் இருக்கும். எங்கள் எட்டுப் பேரில் களஞ்சியக் கணக்கு எழுதிய நசீரின் வீடு அங்கேதான். அவனுடைய உம்மா இடியப்பமும் மீன் சொதியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாரும் ஒரு பிடி பிடித்தோம். அண்ணன் இரண்டு இடியப்பத்தோடு கையைக் கழுவிவிட்டார்.

தோப்பூரிலிருந்து கிளிவெட்டிக்கு வயல்வழியே நாலரை மைல். மதியச் சாப்பாடு அங்கே, எங்களில் இன்னொருவனான சிவபாலன் வீட்டில். இந்தத் துண்டுதான் பயணத்தின் உயிர். சிறுபோக நெல் இடுப்பளவு நிற்க, வரம்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். கச்சான் காற்று காதுக்குள் இரைந்துகொண்டேயிருக்கும். முன்னால் போகிறவன் பேசினால் அவனுக்கு அடுத்தவனுக்கு மட்டும்தான் கேட்கும். அதற்காகக் கதை இல்லாமல் நடக்க எங்களால் ஏலுமா? ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முதல் ஆள் கதையில் ஒரு துண்டு சொல்லுவான். இரண்டாம் ஆள் அதை வாங்கித் திரும்பி மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பான். இப்படியே வால்வரை போகும். பிறகு அடுத்த துண்டு வரும்.

யாரும் அண்ணனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான் அவரைக் கடைசியில் நிறுத்தினேன். நசீர் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

“கடைசியில விட்டா அவருக்குக் கதை வாங்கிற வேலை மட்டும்தான். குடுக்கிறதுக்கு ஆள் இல்லையே! அண்ணன், நீங்க நடுவுக்கு வாங்க.”

அண்ணன் ஐந்தாவது ஆளானார். நான் அவருக்கு நேர் பின்னால். எனக்குப் பின்னால் மூன்று பேர், கடைசியில் சிவபாலன். நசீர் இன்றைக்கு என்ன கதை என்று எல்லாருக்கும் கேட்கக் கத்திச் சொல்லிவிட்டு முன்னால் போய்த் தொடங்கினான். அவனுடைய மாமா கிண்ணியாவில் ஒரு எருது வாங்கிப் பாதையில், அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவையில், ஏற்றப்போன கதை. முதல் துண்டு நாலாவது ஆளிடமிருந்து அண்ணனுக்கு வந்தது. அதோடு நின்றது. அண்ணன் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தார். இரண்டாவது துண்டும் அவரிடமே தங்கியது.

பின்னால் பொறுமை போய்விட்டது. சிவபாலன் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினான். “அண்ணை! மாடு ஏறினதோ இல்லையோ?”

ஒரு வாய்க்காலைத் தாண்டிவிட்டு அண்ணன் திரும்பாமலே சொன்னார். “ஏறேல்லை.”

நான் அதைப் பின்னுக்குக் கொடுத்தேன். அடுத்த கேள்வி வந்தது. “அப்ப மாமா?”

“அவர் ஏறிட்டார்.”

“கயிறு?”

அண்ணன் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். “கயிறு அவற்ற கையில. பாதை வெளிக்கிட்டிட்டுது. மாடு கரையில.” சொல்லும்போதே அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதையைப் பின்னுக்குக் கொடுக்க நானே தடுமாறிவிட்டேன்.

அதற்குப் பிறகு துண்டுகள் தடங்கலில்லாமல் வந்தன. வரவர நீண்டன. மாமா தண்ணீரில் விழுந்தார். மாடு கரையில் நின்று புல்லுத் தின்றது. பிறகு அடுத்த பாதையில் தானாகவே ஏறி நின்று, “எனக்கு அரை ரிக்கற் போதும்” என்று கேட்டது. நாங்கள் நாலு பேரும் வரம்பில் நிற்க முடியாமல் சிரித்தோம். சிவபாலன் ஒரு காலை வயலுக்குள் விட்டுவிட்டான்.

நசீர் முன்னாலிருந்து கத்தினான். “பின்னுக்கு என்ன சிரிப்பு? நான் இன்னும் சிரிக்கிற இடத்துக்கு வரல்லையே!”

மாடு ரிக்கற் கேட்டது அண்ணனின் சொந்தச் சரக்கு என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சிவபாலன் வீட்டில் அவர் மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கினார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

திரும்பும்போது நேரம் பிந்திவிட்டது. ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி மூதூர் நோக்கி வந்தோம். அது இறங்குதுறைக்கு அரை மைல் இருக்கையில் நெல் ஆலைக்குத் திரும்பிவிட்டது. கடைசி லாஞ்சுக்கு ஆறேழு நிமிடம்தான். ஒன்பது பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினோம். கடைத்தெருவில் இருந்தவர்கள் எல்லாம் எழும்பி நின்று, “விடாதீங்க! விடாதீங்க!” என்று எங்களுக்கு உற்சாகம் கொடுத்தார்கள். அண்ணன் என்னைத் தாண்டி ஓடினார். நசீரையும் தாண்டினார். “பொறுங்கோ! இன்னும் எட்டுப் பேர் வருகினம்!” என்று அவர் போட்ட சத்தத்தில் கயிற்றை அவிழ்த்த மனிதர் திரும்பக் கட்டிவிட்டார்.

லாஞ்சின் பலகையில் விழுந்து மூச்சு வாங்கினோம். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்.

“கமலா எண்டா எங்கள் எல்லாரையும் முந்தியிருப்பாள். பள்ளிக்கூடத்தில ஓட்டத்தில அவள்தான் முதல்.”

அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நசீர் மட்டும் கேட்டான். “நூறு யார் ஓட்டமோ, இருநூறோ, அண்ணன்?” அண்ணன் சொல்லத் தொடங்கினார். திருகோணமலை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அன்று இருந்த சந்தோசத்துக்கு அளவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். கிண்ணியாவில் பாலம் வந்துவிட்டதால் மூதூருக்குப் பேருந்திலேயே போகலாம். ஆனி, ஆடியில் வெயில் கடுமை, ஆகவே தொப்பியும் தண்ணீரும் அவசியம். வரம்பில் செருப்பைக் கழற்றிவிடுங்கள், வழுக்கும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராவது சேர்ந்து போங்கள்.

மனம் உடைந்த ஒருவரையும் கூட்டிப்போகிறீர்கள் என்றால், அமைதியாக வரட்டும் என்று அவரைக் கடைசியில் விட்டுவிடாதீர்கள். நடுவில் விடுங்கள். அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பின்னாலும் ஆட்கள் வேண்டும்.