பிரீசர் பெட்டி நின்ற நாள்

மாசி மாதம் பிறந்தால் ஏசி மெக்கானிக்கான எங்கள் மாமாவுக்கு வேலை நெருக்கடியில் பிராந்து பிடித்துவிடும். சுவரில் ஏசி என்று ஒன்று தொங்குவதையே மறந்து கிடந்த நாகர்கோவில் வீட்டுக்காரர்களுக்கும் கன்னியாகுமரி லாட்ஜ்காரர்களுக்கும் முதல் வேர்வை சொட்டும்போதுதான் ஞானோதயம் வரும். எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். போனிலேயே நோயையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்: கேஸ் போய்விட்டதாம். போய்ப் பார்த்தால் ஃபில்டரில் கம்பளி நெய்கிற அளவுக்குத் தூசி. இல்லையென்றால் வெளி யூனிட்டுக்குள் பல்லி விழுந்து கருகிக் கிடக்கும். கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்று தகட்டையே தின்றிருக்கும். குவைத்தில் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு இராஜாக்கமங்கலத்துக்குத் திரும்பியவர் மாமா. ஆனாலும் யாரையும் மட்டம் தட்டமாட்டார். தூசியைக் கழுவி ஓடவிட்டு, இனி நல்லாக் குளிரும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

இத்தனை ஓட்டத்திலும் அவர் முதலில் கை வைப்பது ஏசியில் இல்லை, எங்கள் சர்ச் சபையின் பிரீசர் பெட்டியில். சாவு விழுந்த துஷ்டி வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கும், அதனால் அந்தப் பெட்டிக்கு ஓய்வே கிடையாது. வெயில் ஏறுமுன் அதை எங்கள் முற்றத்தில் இறக்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் பின்பக்கத்துத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். "ஏசி நின்னா ஆளு வேர்ப்பான், அவ்வளவுதான். இது நிக்கப்பிடாது மக்ளே" என்பார். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து என் விரல் விறைத்துப்போகும். எனக்கு அதில் பயமே கிடையாது. மாமாவின் பெட்டி என்கிற பெருமைதான்.

நான் ஆறாம் வகுப்பு படித்த அந்த வருடம், அப்படித் துடைத்து வைத்த பெட்டிக்கு முதலில் போனது எங்கள் பெரியம்மை. மாமாவுக்கும் என் அம்மைக்கும் மூத்தவள். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். அவளுக்கு ஒரே மகன், என் அண்ணன், குவைத்தில் இருந்தான். பல வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை.

"அவன் வந்து ஒரு பிடி மண்ணு போடாம எடுக்கப்பிடாது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அண்ணனும் போனில் நாளைக்கு வந்துவிடுவேன் என்றான். மறுநாள் டிக்கெட் கிடைக்கவில்லை, நாளைக்கு என்றான். அதற்கு மறுநாளும் நாளைக்குத்தான். போதகர் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, எப்போது எடுக்கலாம் என்று மெதுவாகக் கேட்டார். பெரியப்பா அவரை முறைத்த முறைப்பில் மனுஷன் வேதப் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

பெட்டியின் கால்மாட்டில், மோட்டார் இருக்கும் பக்கம், நான்தான் காவல். யாரும் பிளக்கில் கால் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாமாதான் உட்கார வைத்திருந்தார். அந்த வேலை இல்லையென்றால் நான் அழுதே செத்திருப்பேன். ஐயோ, என் பெரியம்மை! எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்லுகிறவள், வாயை மூடிப் படுத்துக் கிடந்தாள்.

நாலாம் நாள் காலை கொல்லைப்பக்கம் தண்ணீர் குடிக்கப் போனபோது, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மாமா போன் பேசிக்கொண்டிருந்தார். "கரையாத மக்கா" என்று அழுகிற யாரையோ தேற்றினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் பாத்துக்கிடுதேன், நீ கரையாத" என்றார். மாசியில் ஏசி ஓடாதவர்கள் போனில் அழுவது எனக்குப் புதிதில்லை. துஷ்டி வீட்டில் இருக்கிற மனுஷரிடம் கூட இப்படி அழுகிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

மாமா உள்ளே வந்தார். கால்மாட்டில் குனிந்து மோட்டார் மூடியைத் திறந்தார். ஏதோ சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு வயரைப் பிடித்து உருவினார். இத்தனை நேரம் காதிலேயே இருந்த இரைச்சல் சட்டென்று அடங்கியது. மூடியை மாட்டிவிட்டு எழுந்தவர், பெரியம்மையின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"மோட்டாரு எரிஞ்சு போச்சு அத்தான். இனி தாங்காது. சாயங்காலமே எடுத்திரணும்."

வீடே கொந்தளித்தது. நாகர்கோவிலிலிருந்து வேறு பெட்டி கொண்டுவரலாம் என்றார் ஒருவர். கேட்டாச்சு, எல்லாம் வெளியே போயிருக்கு என்றார் மாமா. அவர் யாரையும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெரியப்பா எழுந்துவந்து மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "உனக்க கூடப் பிறந்தவளுக்கே இப்பிடி ஒரு ஓட்டப் பெட்டியக் கொண்டு வச்சிட்டியேல, பாவி! எனக்க மவன் நாளைக்கு வந்து நிக்கப் போறாம்ல!"

பெட்டி கெடவில்லை என்று கத்த வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் பெரியம்மையைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பெரியப்பா மண் போட மறுத்துவிட்டார். மகனுக்குப் பதிலாக மாமாதான் போட்டார்.

அக்காளுக்கு வைத்த பெட்டியையே ஓட்டத் தெரியாதவன் ஏசியை என்னத்தைப் பார்ப்பான் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது, மாமாவின் போன் சத்தமில்லாமல் கிடந்தது. சபைக்காரர்கள் பெட்டியை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அம்மை கூட அவரை ஏசினாள். எல்லாரையும்விட எனக்குத்தான் ஆத்திரம். பெட்டி நன்றாக இருந்தது எனக்கல்லவா தெரியும்! லாட்ஜ் வேலைக்கு ஓடுவதற்காகத்தான் சொந்த அக்காளைச் சீக்கிரம் புதைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஏன் மாமா அப்படிப் பண்ணினீங்க என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். "பழசுல்லா மக்ளே, நின்னு போச்சு" என்றார். என்னிடமே பொய். அதற்குப்பிறகு நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணன் ஊருக்கு வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். என் அம்மையின் காலடியில் உட்கார்ந்து அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி அடித்ததில் ஓடிப்போய், காகிதம் எதுவும் இல்லாமல் ஒளிந்து வேலை பார்த்திருக்கிறான். பாஸ்போர்ட் முதலாளியிடம். ஏர்போர்ட்டில் கால் வைத்தால் ஜெயில். மனைவியைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் அதைச் சொல்ல வாய் வராமல், நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியிருக்கிறான். கடைசியில் தாங்காமல் மாமாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்குத் தெரியவேண்டாம், அம்மையை எடுத்துவிடுங்கள் என்று அழுதிருக்கிறான். அதைக் கேட்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

பெரியம்மை போன அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு, இதெல்லாம் எனக்குத் தெரியாத அந்தக் காலத்தில், எங்கள் வீட்டில்தான் விருந்து. வந்திருந்த யாரோ பெரியப்பாவிடம் மகனைப் பற்றிக் கேட்டார்கள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் பிளேன் ஏறப் போற நேரம் கேட்டியளா, எப்படியும் அம்மையப் பாக்க வந்திருப்பான். இந்தப் பயலுக்க பெட்டிதான் சதிச்சுப் போட்டு" என்று மாமாவைக் கை காட்டினார். பரிமாறிக்கொண்டிருந்த மாமா, "ஆமா அத்தான், எனக்க பெட்டிதான்" என்று சொல்லிவிட்டு அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி இறைச்சி வைத்தார். பெரியப்பா அதைப் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோஷம் கெட்ட மனுஷன் என்று மனதுக்குள் மாமாவை வைதுகொண்டே பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.