வெறுங்கால் என்கிற பெரியவர்

பங்குச்சந்தை குரூப்பில் என் பெயர் ‘வெறுங்கால்’. புலி, காளை, வேட்டைக்காரன் என்று எல்லோரும் பல்லும் கொம்புமாகத் திரிகிற இடத்தில் இப்படி ஒரு பெயர் இருந்தால் அர்த்தம் கேட்கத்தானே செய்வார்கள்? கேட்டார்கள். “செருப்புப் போட்டு நடப்பவனுக்குத் தரை தெரியாது” என்று ஒரே ஒரு வரி எழுதினேன். மறுநாளிலிருந்து நான் ‘ஐயா’.

கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் ஆபீஸ் அறையில், கம்பளி சாக்ஸ் ஒன்றுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டு, ஹீட்டருக்கு நேராகக் காலை நீட்டித் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருப்பவன்தான் அந்த ஐயா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. என் சொந்த வியாபாரத்தில் ஒரு ஒழுங்கு உண்டு: நான் வாங்கினால் இறங்கும், விற்றால் ஏறும். ஆனால் குரூப்பில் என் கணக்கை யாரும் கேட்கவில்லை, கருத்தைத்தான் கேட்டார்கள். அதற்கு என்னிடம் பஞ்சமே இல்லை. ஒரு ஷேரைச் சொல்லி எப்படி என்றால், “ஈரம் இருக்கிறது” என்பேன், “கல் தட்டுகிறது” என்பேன். ஏறினாலும் இறங்கினாலும் நான் சொன்னதுதான் நடந்திருக்கும்.

இப்படி ஞானியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, மேல்மலைப் போளூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூண்டு விவசாயி. அந்த வருஷப் பூண்டை விற்ற கையோடு, மகளுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட வந்திருந்தார். வாரக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும். என் ஷேர் வியாபாரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் சூதாட்டம். அப்பேர்ப்பட்டவர், அன்று டீயைக் கையில் வாங்கியதும் குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ள, ஒங்க சோலி சம்பந்தமா ஒரு விசயம். பீஸ இன்னும் கட்டல. நாளைக்கு மார்க்கெட் தொறந்ததும் ஒரு மோட்டார் கம்பெனி ஷேர்ல மொத்தமாப் போட்டு, ரெண்டு நாள்ல வெரசா எடுத்துட்டு, லாபத்தோட கட்டிரலாம்னு இருக்கேன்.”

“யாரு மச்சான் இதச் சொன்னா?”

“நீங்க சொன்னா நான் கேப்பனா? ஒரு குரூப்புல இருக்கேன். அதுல வெறுங்கால்னு ஒரு பெரியவரு. செருப்பே போட மாட்டாராம். பூமியோட நாடித்துடிப்பு அவரு பாதத்துல தெரியுமாம். அந்தக் கம்பெனி எப்பிடிங்க ஐயான்னு கேட்டேன். ‘மண் சூடாகிறது’ன்னு போட்டாரு. வெவசாயிக்குத் தெரியாதா மாப்ள, மண்ணு சூடானா மொள வரும்னு?”

அந்த வரியை நான் எழுதியது லாண்டரிக்காரரிடம் பெட்ஷீட் வாங்கி வைத்துக்கொண்டே. அந்தக் கம்பெனி தண்ணீர் மோட்டார் செய்கிறதா, கார் மோட்டார் செய்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

“வேண்டாம் மச்சான். பீஸக் கட்டிருங்க.”

“பாத்தீங்களா! அடுத்தவன் நல்லாருந்தா ஒங்களுக்கு வயிறு எரியுது.”

“அதில்ல மச்சான். அந்த வெறுங்கால் நான்தான்.”

அவர் என்னை உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கண் சாக்ஸில் வந்து நின்றது. டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். போனைத் திறந்து பெயரைக் காட்டினேன். சிரிப்பு நின்று, கோபம் வந்துவிட்டது.

“அந்த மனுசன் பேர்ல நீங்களும் ஒண்ணு ஆரம்பிச்சிட்டீங்களாக்கும்? இதெல்லாம் ஒரு பொழப்பா மாப்ள?”

வேறு வழியில்லாமல் பெயர் வந்த கதையைச் சொன்னேன். லாட்ஜ் ஆட்களோடு ஒருமுறை நடைபாதை வழியாக வெள்ளகவிக்கு இறங்கினோம். அங்கே ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, ஊரே கோயில் மாதிரி. எல்லை வந்ததும் எல்லோரும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும், கோயில் வாசலில் விடுவதுபோல, என் புது ஷூவை ஒரு மரத்தடியில் ஜோடி சேர்த்து வைத்தேன். வந்த வழியாகவே திரும்புவோமா என்று யோசிக்க நேரமில்லை. அந்த இடத்தில் சிக்னல் கிடைத்ததால் என் ஷேர் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரின் மறுமுனையில் எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு அடிவாரத்துக் கும்பக்கரைப் பக்கம் இறங்க ஆரம்பித்தபோதுதான் என் காலைப் பார்த்தேன். திரும்பிப் போனால் கீழே பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்றார்கள். மிச்ச மலை முழுக்கக் கல். வீட்டுக்கு வந்து காலை வெந்நீர் வாளியில் விட்டபடி அந்தக் குரூப்பில் சேர்ந்தேன். என்ன பெயர் என்று போன் கேட்டது. அந்த நிலைமையில் வேறென்ன தோன்றும்? யோசித்தால் என் வியாபாரமும் அதே லட்சணம்தான். உள்ளே போகத் தெரியும். எந்தப் பக்கமாக வெளியே வரப்போகிறோம் என்ற நினைப்பே இருக்காது.

“ஆமாண்ணே,” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி சாட்சி சொன்னாள். “பாத்ரூமுக்குக்கூடத் தவந்துதான் போனாரு.”

மச்சானின் முகம் மாறியது. ஷூவை விட்டுவிட்டு வந்த கதையைப் போளூர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவரே அவர்தான்.

“அப்ப மண்ணு சூடாகுதுன்னு போட்டது?”

“சும்மா போட்டது மச்சான்.”

“எம் மக படிப்பு மாப்ள அது.”

டீ டம்ளரைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

காலையில் இரண்டு பேருமாகப் போய் பீஸைக் கட்டினோம். பஸ் ஸ்டாண்டில் போளூர்ப் பக்கம் போகிற பஸ் நின்றிருந்தது. ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

“மாப்ள, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நேத்து அடுப்படிப் பக்கம் போயி, அந்தப் பேர்லயே ‘வாங்காதே’ன்னு ஒரு வரி தட்டி விட்டிருந்தீங்கன்னா, நான் கையெடுத்துக் கும்புட்டுட்டு வெள்ளனே வந்து பீஸக் கட்டியிருப்பேனே. ஒங்க மானமும் தப்பிச்சிருக்கும்ல?”

எனக்கு அது தோன்றவே இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். மச்சான் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

“அம்புட்டு நல்ல மனுசன இப்பிடிப் போக்கிட்டீங்களே.”