கடைசி இறுக்கு

பஞ்சர் கடையில் யார் சக்கர நட்டை முடுக்கிக் கொடுத்தாலும் அப்பா நம்ப மாட்டார். ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பதிந்த பிறகு, ஒவ்வொரு நட்டிலும் வீல் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதிப்பார். கடைசி இறுக்கு அவருடையதாக இருந்தால்தான் வண்டி நகரும்.

செட்டிகுளத்திலிருந்து அரியலூருக்குச் சின்ன வெங்காயம் ஏற்றும் அந்தக் குட்டி யானை லோடு வண்டிதான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

போன வருஷம் மூட்டை இறக்கும்போது விழுந்ததில் அப்பாவின் முட்டி போனது. குணமாகி நடந்தார், வண்டியும் ஓட்டினார். ஏறி மிதிக்க மட்டும் முடியவில்லை. அம்மாவிடம் ஒருநாள், "சக்கரத்த இறுக்க முடியாதவன் எதுக்கு வண்டி ஓட்டணும்? வித்துடலாம்" என்றார். நான் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வந்தேன். எந்த அளவு இறுக்கம் வேண்டுமோ அதை அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டிக்கென்று சத்தம் கொடுக்கும். கைப்பிடி நீளம், மிதிக்க வேண்டியதில்லை.

அடுத்த லோடு அன்று நானும் கூடப் போனேன். கிளம்பும் முன் பின் டயர் மாற்ற வேண்டியிருந்தது. மாட்டி முடித்ததும் ரெஞ்சைப் பையிலிருந்து எடுத்தேன்.

பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். "என்னண்ணே, பாப்பா வண்டிக்கு ஊசி போட வந்துருக்கா?"

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "இந்தக் குச்சி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று பழைய ஸ்பேனரையே கையால் இழுத்து இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. "ஆச்சு, ஏறு."

ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். ரெஞ்சை வைத்து நான் ஒரு இழுப்பு இழுத்தால் கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

"இது புதுசுப்பா. சத்தம் ஒழுங்கா வருதான்னு தெரியல. நீங்க ஒருவாட்டி இழுத்துப் பாத்துச் சொல்லுங்க" என்று அவர் கையில் கொடுத்தேன்.

இழுத்தார். நட் கால் சுற்று போய்த்தான் டிக்கென்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. எதிரெதிராக ஒவ்வொரு நட்டாக, மீதியையும் அவரே சத்தம் வரும்வரை இழுத்தார்.

"நல்லாத்தான் கத்துது" என்றார் கடைக்காரர்.

சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். அரியலூர் வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே அப்பா ஓரம் கட்டினார். இறங்கி, ரெஞ்சை என்னிடம் நீட்டினார்.

"நீ இழு."

ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒன்று மட்டும் கொஞ்சம் நகர்ந்து பிறகு டிக்கென்றது.

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"புதன்கெழமையும் லோடு இருக்குன்னு ஒங்கம்மாட்ட போன்ல சொல்லிடு" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.